தேக்குப் பெட்டி

இலுப்பூர் பிச்சைமுத்து புதுக்கோட்டைக் கடையில் பேஸ் கிட்டாரை ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியாக மாட்டி மீட்ட மீட்ட, அவன் மனைவி செவந்தி அந்தந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாமே தேக்குதான் தங்கச்சி!" என்றார் கடைக்காரர் ஷேக் தாவூது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது பெட்டியில் உள்ளங்கை பட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இதையே கட்டுங்க" என்றான் பிச்சைமுத்து.

"மொதப் பொட்டியிலதாங்க சத்தம் சுத்தமா இருந்துச்சு."

"இருக்கட்டுங்க. கட்டிக்கிட்டு ஆறு வருசமா நான் வாசிக்கிறதை வேடிக்கைதான் பாக்குறா. பொறந்ததுலேருந்து காது கேக்காது. இதுலதான் அவ கைக்கு நல்லா அதிருது போல."

ஷேக் தாவூது எடுத்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா வாசிங்க தம்பி. தங்கச்சி கேக்கட்டும்."