இருபது நிமிடம் வெட்டலாம்

எதைப் பார்த்தாலும் தயாளன் ஒரே கருத்தைத்தான் சொல்வான்: "செகண்ட் ஹாஃப் லேக். இருபது நிமிஷம் வெட்டலாம்." அவனைப் போன்ற பெரிய விமர்சகன் சொன்னால், எல்லா வீட்டுத் திரைகளிலும் படம் உடனே இருபது நிமிடம் சுருங்கிவிடும். வெட்டுப்பட்டது திரும்பாது. பட்டாசு ஆலை விபத்து பற்றிய ஆவணத் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்கும் அதையே சொன்னான்.

மறுநாள் கீழ்வீட்டு முத்துப்பேச்சி வந்தாள். அந்த விபத்தில் மகளைப் பறிகொடுத்தவள்.

"தம்பி, கடைசில எம்மவ சிரிச்சுக்கிட்டே திரி செருகுவா. தெனமும் பாப்பேன். இன்னைக்குக் காணோம். எங்கிட்ட அவளோட வேற போட்டோ இல்ல. நீங்கதான் எல்லாப் படமும் பாக்குறவரு, கொஞ்சம் தேடிக் குடுங்க."

தயாளன் மறுக்க முடியாமல் தொடரை ஓட்டினான்.

"பொண்ணு எப்படி இருப்பா, அக்கா?"

முத்துப்பேச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பாக்கலையா?"