12.40க்குக் கழட்டியது

“ஆன்ட்டி, மேக்னாவ தினம் லஞ்ச் டைம்ல மிஸ் தனியா கூட்டிட்டுப் போயி உட்கார வெக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

பக்கத்து குவார்ட்டர்ஸ் அபிஷேக் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இதைச் சொன்னான், போய்விட்டான். வசுமதிக்குத்தான் தலையைச் சுற்றியது.

மேக்னா ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதம்தான் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். கழட்டி மாட்டுகிற கிளிப். சாப்பிடும்போது கழட்டி டப்பாவில் வைக்க வேண்டும், சாப்பிட்டதும் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் சுற்றி நாற்பது பேர்.

முதல் நாளே, கிளிப்பைக் கழட்டும்போது எச்சில் நூலாக இறங்கியதைப் பார்த்து எவனோ “பாட்டிப் பல்லு” என்று சொல்லிவைத்தான். அதோடு சரி. டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வர ஆரம்பித்தது. காலையில் தின்ற இரண்டு இட்லியோடு பத்து வயதுப் பெண் நாலு மணி வரை பட்டினி கிடந்தால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்?

“கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வகுப்பு டீச்சர் ஸ்வாதி மிஸ்ஸுக்கு டைரியில் எழுதி அனுப்பினாள் வசுமதி. அப்பா ஜானகிராமன் சும்மா இருப்பாரா? கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பதினாறு வருஷமாக ஷிஃப்டில் லாக் புக் எழுதுகிற கை. கழட்டிய நேரம், மாட்டிய நேரம், கையெழுத்து என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, டப்பாவோடு ரப்பர் பேண்டில் சுற்றி அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரமே டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. கிளிப்பும் பளிச்சென்று கழுவி வந்தது. அதற்குச் சந்தோஷப்படுவதா, அபிஷேக் சொன்னதற்குக் கோபப்படுவதா?

“உன்ன மிஸ் தனியா உட்கார வெக்கிறாங்களாடி?”

“ஆமா.”

“அழுதியா?”

“எதுக்கு அழணும்?”

“பின்ன எதுக்குத் தனியா?”

“அத மட்டும் கேக்காதம்மா. மிஸ்ஸுக்கு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்.”

டீச்சர் பிள்ளையிடம் சத்தியம் வாங்குவதா? இது எந்த ஊர் நியாயம்?

ஷிஃப்ட் முடிந்து வந்த ஜானகிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். அவர் குழப்பம் வேறு.

“இங்க பாரு வசு. தினம் ரெண்டு வரி இருக்கு. ரெண்டுலயும் கழட்டினது 12.40, மாட்டினது 1.05. ஒரே கிளிப்ப ஒரே நேரத்துல எப்படி ரெண்டு தடவ கழட்டுவாங்க? எங்க ப்ளான்ட்ல இப்படி எழுதினா மெமோதான்.”

முதல் வரியில் மிஸ்ஸின் கையெழுத்து. இரண்டாவது வரியில் மேக்னாவின் கோணல் கையெழுத்து.

“டீச்சர் போட வேண்டிய கையெழுத்த இவளப் போடச் சொல்றாங்களா?” என்றார் ஜானகிராமன்.

“மெமோவ விடுங்க. மத்த பிள்ளைங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு என் பொண்ண ஒதுக்கி வெச்சிருக்கா. நாளைக்கு நானே போறேன்.”

போனாள். கேட்டில் வாட்ச்மேன் மோசஸ்.

“இன்னாம்மா, லஞ்சு டைம்ல வந்துகினு? ஸ்வாதி மிஸ்ஸா? அது யாராண்டயும் குந்தி சாப்பிடாதும்மா. வந்து ரெண்டு வருசம் ஆவுது, ஸ்டாஃப் ரூம்ல ஒரு பிஸ்கட் துன்னு நான் பார்த்ததில்ல. ஸ்போர்ட்ஸ் ரூமாண்ட போயி பாருங்க.”

திமிர் என்று முடிவே கட்டிவிட்டாள் வசுமதி.

ஸ்போர்ட்ஸ் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம். தள்ளிக்கொண்டு போனால், ஒரு பெஞ்சில் எதிரும் புதிருமாக மேக்னாவும் மிஸ்ஸும். நடுவில் இரண்டு டிபன் பாக்ஸ். அடைத்து வைத்த பிள்ளை இப்படியா சிரிக்கும் என்று ஒரு நிமிஷம் வசுமதிக்கே கால் தயங்கியது. ஆனால் வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம் வாய் வரை வந்துவிட்டதே.

அவளைப் பார்த்ததும் ஸ்வாதி மிஸ் சட்டென்று கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

“என் பொண்ணுக்கு என்ன தொத்து வியாதியா மிஸ்?”

மிஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பின்ன எதுக்கு மூலையில கொண்டாந்து வெச்சிருக்கீங்க? பார்த்துக்கோங்கன்னு எழுதினது இதுக்குத்தானா?”

மறுபடியும் தலையாட்டல். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கர்ச்சீப் மட்டும் இறங்கவில்லை.

“நான் பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூட மனசு வரல இல்ல? சரி, பிரின்சிபால் ரூம்ல வந்து சொல்லுங்க.”

மேக்னா எழுந்தாள். பெஞ்சிலிருந்து எதையோ எடுத்து மிஸ்ஸின் கையில் வைத்தாள். நேராக வந்து அம்மாவின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

“கொஞ்ச நேரம் இப்படியே நில்லும்மா. மிஸ் அவங்க முன்பல்லு செட்ட மாட்டிக்கட்டும். அப்புறம் பேசுவாங்க.”