எர்த் குழி

சென்னியப்பனின் புது எம்பிராய்டரி மெஷினுக்கு நான்கு கம்பி வேண்டும். பழைய மோட்டாருக்காகத் தரைக்கடியில் அவன் பதித்திருந்த கேபிளில் மூன்றுதான் இருந்தன.

"மூணு ஃபேஸும் வருதுங்ணா, கரண்டு திரும்பிப் போற நியூட்ரலுக்குத்தான் கம்பியில்ல," என்றான் எலெக்ட்ரீசியன் ராயப்பன். "தரையை ஒடச்சுப் புதுசு போடோணும். நாலு நாளாகும்."

சாயங்காலம் சரக்கு ஏற்ற லாரி வந்துவிடும். இந்தச் சரக்கும் போகாவிட்டால் ஆர்டர் கொடுப்பவர்கள் இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். மண்ணில் இறங்கும் எர்த் கம்பியையே நியூட்ரலாகக் கட்டச் சொன்னான் சென்னியப்பன்.

"எர்த் குழி காஞ்சா மெஷின் உடம்பு பூரா கரண்டு ஏறிருமுங்ணா. தொட்டவங்க கதை முடிஞ்சுது." ராயப்பன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சென்னியப்பன் தானே கட்டினான்.

மெஷின் ஓடியது. உள்ளே அவன் மனைவி மயிலாத்தாள் மெஷினில் துணிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. வெளியே, சுவரோரம் எர்த் குழியருகே குந்தி, அதைக் காயவிடாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சித்திரை வெயிலில் மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. மூன்று மணிக்குக் குழாய் நின்றது. நான்கு மணிக்கு டிரம்மும் காலியானது.

"ஏனுங்க," உள்ளிருந்து மயிலாத்தாள் கூப்பிட்டாள். "மெசினத் தொட்டா சுருக்குனு இழுக்குது."

அவன் வாயைத் திறந்தான்.

"பரவால்ல உடுங்க, இன்னும் பத்தே துணிதான்," என்றாள் அவளே.

சென்னியப்பன் குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரைக் குழியில் கவிழ்த்தான். ஈரம் பரவுவதற்குள் மண் வெளுத்தது. அவன் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், மெயின் சுவிட்ச் இருந்தது. அவன் காலிச் சொம்பை மறுபடியும் கவிழ்த்தான்.