மாலை வரை நிற்க வேண்டிய ஒன்று

தைவானின் சின்சு நகரத்து ஆய்வக ஜன்னலைக் காற்று உலுக்குகிறது. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள, கணினிச் சில்லுக்கான நினைவுப் படலத்தில் வென்ரூ காலையில் ‘ஒன்று’ என எழுதியிருக்கிறாள். மாலை வரை அது மறக்காமலிருந்தால்தான் அவளுடைய மூன்றாண்டு ஆய்வு பிழைக்கும். அளக்கும் கருவியின் தலையில், அது அடம்பிடிக்காமலிருக்க இங்கே எல்லாரும் படைக்கிற பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம். சீனியர் சுவாங் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறான். “ஏம்மா, தேதி போன மாசமே முடிஞ்சிருச்சு. கெட்டுப்போனதை லஞ்சமாக் குடுத்தா எந்த மெஷின் வேலை செய்யும்?”

“மெஷின் நல்லாத்தாண்ணே இருக்கு.”

திரையில் அந்த ‘ஒன்றை’க் காட்டும் பச்சைக்கோடு மெல்லச் சரிந்து பூஜ்ஜியத்தில் படுக்கிறது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சுவாங்கின் சிரிப்பு பாதியில் நிற்கிறது.

“இன்னொரு தடவை எழுதிப் பாப்பமா?”

வென்ரூ கையுறையை விரல் விரலாகக் கழற்றுகிறாள். “எத்தனை தடவை எழுதினாலும் வாங்கிக்குதுண்ணே. வச்சுக்கத்தான் மாட்டேங்குது.”