ஜாயின்ட் இல்லாத கம்பி

கோடு துள்ளவில்லை.

மீட்டரைத் தட்டிப் பார்த்தான். கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். மூன்றாவது முறையும் திரையில் அதே கோடுதான். ரயில்வே கேட்டிலிருந்து ஸ்டேஷன் வரை இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்கு நேராகப் போய் நின்றது.

கம்பியை எங்கே அறுத்து ஜாயின்ட் போட்டிருந்தாலும் அந்த இடத்தில் கோடு ஒரு துள்ளு துள்ளும். ஒன்பது வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு. தப்பவே தப்பாது.

சே, இன்றைக்கு ஒரு நாள் தப்பித் தொலைக்கக் கூடாதா!

வந்த வேலை என்னவோ சின்ன வேலைதான். கேட்டில் கேமரா மாட்ட வேண்டும், படம் ஸ்டேஷனில் தெரிய வேண்டும். புதுக் கம்பி புதைக்க வேண்டாம், பழைய டெலிபோன் கம்பி கிடக்கிறது, இரண்டு முனையிலும் ஒரு பெட்டி வைத்தால் அதிலேயே படம் போய்விடும் என்றார் கான்ட்ராக்டர். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தான்.

இந்த ஊரில்தான் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். அவனுக்கு அப்போது நாலு வயது.

இந்த கேட்டில்தான் ரயில் பஸ்ஸை அடித்தது.

பதினாலு பேர்.

கேட் இறங்காமல் சிக்கிக்கொண்டது, ரயிலை நிறுத்தச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை என்றார் கேட் கீப்பர் சொரிமுத்து.

மணியே அடிக்கவில்லை என்றார் அப்பா. கம்பி நடுவில் அறுந்து கிடந்தது, மறுநாள்தான் ஜாயின்ட் போட்டுச் சரிசெய்தோம் என்று எழுதியும் கொடுத்தார்.

விசாரணையில் அப்பாவை நம்பினார்கள். சொரிமுத்துவுக்கு வேலை போனது. ஜெயிலுக்கும் போனார். வெளியே வந்து ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

அவனும் அப்பாவைத்தான் நம்பினான். வீட்டில் போன் அடித்தால் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவருக்குச் சத்தம் ஆகாது என்பாள் அம்மா. அதையும் நம்பினான்.

கம்பியின் மேலுறையைத் துடைத்தான். 1987 என்று அச்சு தெரிந்தது. விபத்துக்குப் பல வருஷம் முன்னால் போட்ட அதே கம்பி. யாரும் மாற்றவில்லை.

பழைய போன் பெட்டி கேட் அறைச் சுவரில் இன்னும் தொங்கியது. அதன் கைப்பிடியைச் சுற்றினால் ஸ்டேஷனில் மணி அடிக்கும். சுற்றிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பையில் கட்டர் இருந்தது.

ஒரே ஒரு வெட்டு. அப்புறம் ஒரு ஜாயின்ட். ஐந்து நிமிஷ வேலை. கோடு துள்ளிவிடும், அப்பா சொன்னது உண்மையாகிவிடும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கட்டரை எடுத்துக் கம்பியில் வைத்தும்விட்டான். பெற்றவருக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாயா என்று தன்னையே திட்டினான். கை அழுத்த மாட்டேன் என்றது.

வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றான்.

"அப்பா, நான் கேட்லதான் நிக்கேன். கம்பியில எங்கயும் ஜாயின்ட்டே இல்லப்பா."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தான். வைக்கவில்லை.

"அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல்யா. டூட்டி நேரத்துல, ஸ்டேஷன ஒட்டுன குவார்ட்டர்ஸ்ல என் தோள்லதான் கெடந்த. ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாம, அப்பதான் கண்ணசந்த. எந்திரிச்சா முழிச்சுக்கிடுவியேன்னு அப்படியே உக்காந்துட்டேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஸ்டேஷன் போன் ஏழு தடவ அடிச்சுது. நீ முழிக்கவே இல்ல."

அந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

கட்டரைப் பைக்குள் போட்டான். மீட்டர் காட்டிய கோட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். தண்டவாளத்தைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தான். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சொரிமுத்து வீடு எதுண்ணே?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தச் சொரிமுத்து? பதினாலு பேரக் கொன்னானே, அவன் வீடா? அங்க அவன் பொண்டாட்டி மட்டுந்தான் இருக்கா. ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்லயே, தம்பி."

"இல்லண்ணே," என்றான். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னான். "ரயில நிப்பாட்டச் சொல்லி ஏழு தடவ போன் அடிச்சாரே, அந்தச் சொரிமுத்து வீடு."