அப்பா வழி

அவளுடைய இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டைகள் மறுபடியும் ஒன்றாக இறுகின.

இது இரண்டாவது முறை.

ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் என்று டாக்டருக்குச் சந்தேகம். மாறாமல் என்ன செய்யும்? அம்மாவும் மகளும் ஒரே நாளில் வந்து, ஒரே மூக்கையும் ஒரே முகவாயையும் வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் படுத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? மகளிர் தினத்துக்கு இதயப் பரிசோதனை, கூட வருபவருக்கு இலவசம் என்று போட்டிருந்தார்கள். இலவசத்தை விடக்கூடாது என்று அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

பட்டையைச் சுற்றிவிட்ட நர்ஸ் பெண்ணும் சும்மா இருக்கவில்லை.

"அச்சு அசலா உங்கம்மாதான்க்கா நீங்க."

அவளுக்கு இது பிறந்ததிலிருந்து கேட்கிற பாட்டு. அரக்கோணத்தில் இதைப் பாடாதவர்கள் இனிமேல் பிறந்தால்தான் உண்டு.

அப்பா மாதிரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

காதோ, நகமோ, தும்மலோ, எதைச் சொல்லியிருந்தாலும் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா இடது கைக்காரர் என்று அத்தை ஒருமுறை சொல்லப்போய், எட்டாம் வகுப்பு முழுக்க இடது கையால் எழுதிப் பழகினாள். கோழி கிளறியதுபோல் வந்தது. அப்புறம் அத்தை யோசித்துப் பார்த்து, இல்லை, அது உங்கள் பெரியப்பா என்றாள்.

அப்பா இறந்துபோனபோது அவளுக்கு ஒன்றரை வயது.

படம் ஒன்று உண்டு. யாரோ ஒருவர் கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்றவரின் தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, ஸ்டுடியோக்காரர் தாராள மனதோடு கோட்டும் டையும் மாட்டிவிட்ட படம். மங்கிய இடங்களைக் கையாலேயே வரைந்து நிரப்பியிருந்தார். அந்தக் கண்களில் அப்பா எவ்வளவு, ஸ்டுடியோக்காரர் எவ்வளவு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவைக் கேட்டால், போனவரைப் பற்றி என்ன பேச்சு என்று எழுந்து போய்விடுவாள்.

மிச்சம் இருந்தது, பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து. தணிகாசலத்தின் த.

பட்டைகள் தளர்ந்தன.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாறவில்லை. அறுபது தாண்டிய அம்மாவின் ரத்தக்குழாய்கள் இளசாக வளைந்து கொடுக்கின்றன. நாற்பதைத் தொடாத மகளுடையவைதான் கிழடு தட்டி விறைத்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். காலையில் எடுத்த அவளுடைய இதயத்தின் படம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. இடது பக்கச் சுவர் தடித்திருக்கிறதாம். இப்படியே விட்டால் பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வர நிறைய வாய்ப்பு இருக்கிறதாம். மாத்திரை, உப்பைக் குறைப்பது, நடப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இது உங்க அப்பா வழியில வந்திருக்கணும். அவருக்கு எப்படி?"

"முப்பத்தாறு வயசுல போயிட்டாரு சார். நெஞ்சு வலின்னு சொல்லுவாங்க."

டாக்டர் தலையை ஆட்டினார்.

"அப்ப அவருதான்."

அவருதான்.

பயம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடியிலும் கையெழுத்திலும் இத்தனை வருடம் அப்பாவைத் தேடிச் சலித்திருக்கிறாள். மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர் கை படாத இடத்தில்.

திரையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க ஆசையாக இருந்தது. டாக்டர் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வெளியே அம்மா, தனக்கு வந்த நல்ல ரிப்போர்ட்டைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"என்னாடி சொன்னாரு?"

சொன்னாள். பத்து வருடத்தையும் சொன்னாள், மாத்திரையையும் சொன்னாள். அப்பா வழி என்று சொல்லும்போது உதடுகள் அவள் பேச்சைக் கேட்காமல் தாமாக விரிந்தன.

அம்மா அவள் வாயையே பார்த்தாள். பிறகு அவள் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்தாள்.

"சிரிக்காதடி. அவரும் டாக்டரப் பாத்துட்டு இப்படித்தான் சிரிச்சிக்கினே வந்தாரு."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

"இப்படியேவாம்மா?" என்று கேட்டாள்.