முடிவுதான் சற்று நீளம்

மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. கடைக்காரி இணைய இதழிலிருந்து வந்த மின்னஞ்சலை நாத்தனாருக்குப் படித்துக்காட்டுகிறாள். ‘ஒரு கட்டுரையை முடிப்பது எப்படி’ என்று நான்கு மாதமாக மாத்திரைப் பெட்டிகளின் பின்புறத்தில் எழுதி, அடித்து, திருத்தி அனுப்பிய கட்டுரையை வேண்டாம் என்றுவிட்டார்கள். “‘மூன்று பேர் வரிவரியாகப் படித்தோம். நடை அருமை. முடிவுதான் சற்று நீளம்.’” நாத்தனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கீழே அவள் அனுப்பிய இணைப்புக் கோப்பைத் தட்டித் திறக்கிறாள். “அண்ணி, என்னத்த அனுப்பி வச்சிருக்கீங்க? இது பாப்பாவுக்குப் பல்லு பிடுங்கினப்ப பள்ளிக்கூடத்துக்கு எழுதின லீவு லெட்டர்.” மொத்தமே மூன்று வரி. ‘இரண்டு நாள் விடுப்பு தருமாறு வேண்டுகிறேன்’ என்பது கடைசி வரி. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. கடைக்காரியின் காதுமடல் சிவக்கிறது. இருமல் மருந்து கேட்டு நிற்பவரை நாத்தனார் கையமர்த்துகிறாள். “போகட்டும், சரியானத அனுப்பிடுங்க.” “எதுக்கு? வரிவரியா படிச்சாங்களாமே.” மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற வேகத்தில் கடைக்காரியின் விரல்கள் தட்டச்சு செய்கின்றன: ‘மூவரும் சொன்னபடியே முடிவைச் சுருக்கிவிட்டேன். இரண்டு நாள் விடுப்பை ஒரு நாளாக்கியிருக்கிறேன்.’